மரக்கடை தாண்டி இடது பக்கம்

தக்கையைத் திருகக் கூடாது, பாட்டிலைத்தான் திருக வேண்டும். கம்பி வலையைத் தளர்த்திவிட்டு, மேலே ஒரு சமையலறைத் துண்டைப் போர்த்தி, இடது கையால் தக்கையை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறார் நார்மன் ப்ளெங்கின். வலது கை பாட்டிலின் அடியை மெல்ல மெல்லத் திருப்புகிறது. பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்று காது கொடுப்பவர் மாதிரி தலை சாய்ந்திருக்கிறது. கடைசியில் ஒரு சின்ன மூச்சு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் மணி அடங்கி, அடுப்பில் கோழி வெந்துகொண்டிருக்கும் நேரம். "டமால்னு வெடிச்சா ஃபெயில்," என்று துண்டை நான்காக மடிக்கிறார். "பாதி காத்து அங்கயே போயிடும். காத்துக்கும் சேத்துத்தான காசு குடுத்திருக்கோம்?"

ஃபெயில் என்ற சொல் இந்த ஊரில் வேறு யார் வாயிலிருந்து வந்தாலும் ஒன்றுமில்லை. நார்மன் வாயிலிருந்து வந்தால் கறிக்கடை வரிசையில் நிற்பவர்கள்கூட ஒரு தடவை முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். ஓய்வு பெறும்வரை இந்த ஆல்தர்பியில் டிரைவிங் டெஸ்ட் நடத்தியவர் அவர்தான். இங்கிலாந்தில் லிங்கன்ஷரின் இந்த மூலையில் கார் ஓட்டுகிற பாதிப் பேரை அவர் ஒரு தடவையாவது வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பாதிரியாரை இரண்டு தடவை. சொந்த மனைவியின் அக்காவை எத்தனை தடவை என்று குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை.

என்னை மூன்று தடவை. மருந்துக்கடை வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில் நடந்தது. முதல் தடவை ரவுண்டானாவில் தயங்கினேனாம். இரண்டாவது தடவை தயங்கவே இல்லையாம். மூன்றாவது தடவை நடைபாதை மேல் ஏறிவிட்டேன், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் சக்கரம் கல்லில் ஏறி இறங்கியபோது ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தேன் பாருங்கள், அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. ஒரு தசை அசையவில்லை. கோபமில்லை, பயமில்லை, ஐயோ பாவம் என்பதுகூட இல்லை. "அடுத்த சந்திப்பில் இடது பக்கம் திரும்பவும்" என்று அச்சடித்த மாதிரி ஒரு குரல். அந்த மனிதரின் பக்கத்து வீட்டுக்கே நாங்கள் குடிபோக நேர்ந்தபோது, என் வீட்டுக்காரர், "வாசல்ல காரை நேரா நிறுத்து தாயே" என்று கும்பிட்டார்.

பாராட்டு என்பது நார்மனிடம் கிடையாது. டெஸ்டில் பாஸானவரிடம்கூட "குறை ஒண்ணும் தெரியல" என்றுதான் சொல்வாராம். ப்ரெண்டாவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோது என்ன சொன்னார் என்று ஒருநாள் ப்ரெண்டாவிடமே விசாரித்தேன். "என்னத்தச் சொல்லுவாரு? ரெண்டு வருஷமா பாத்துட்டேன், எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லைன்னாரு," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான்தான் அப்புறமா அதைக் காதல்னு மொழிபெயர்த்துக்கிட்டேன் கண்ணு."

அந்தப் பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ப்ரெண்டாதான். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய சூப்பர்மார்க்கெட்டில், கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் பெயர்போன ஷாம்பெய்ன்கள் தங்கக் காகிதம் சுற்றி உட்கார்ந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் தட்டில் இது இருக்கும். ஃபிரான்சில் யாரோ செய்து கொடுப்பதுதான், ஆனால் லேபிளில் கடையின் பெயர். பக்கத்தில் அதே பெயரில் டாய்லெட் பேப்பரும் உண்டு, ஆரஞ்சு மார்மலேடும் உண்டு. பெரிய பெயர்களில் பாதி விலை. இங்கே மனிதர்களுக்கு இதெல்லாம் ஒரு கூச்சம். விருந்துக்குக் கொண்டுபோனால் லேபிளைக் கையால் மறைத்துக்கொண்டுதான் நீட்டுவார்கள்.

ப்ரெண்டாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. தொடக்கப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வாழ்நாள் முழுக்க நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவர். மூக்கை நம்பிப் பிழைத்தவர் என்று சொல்லலாம். முதல் பாட்டிலைத் திறந்த அன்றே சொல்லிவிட்டாராம்: "இது மத்ததுங்க மாதிரி இல்ல நார்மன். இதுக்குள்ள மரம் இருக்கு." பின்னால் ஒட்டியிருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால் அப்படியே இருந்தது. மற்றவர்கள் திராட்சைச் சாற்றை எவர்சில்வர் தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். இதை ஓக் மரப் பீப்பாயில் நொதிக்க விட்டிருந்தார்கள். "பேருக்குக் குடுக்குற காச நாக்குக்குக் குடுத்துட்டுப் போறேன்," என்பது அதற்குப் பிறகு ப்ரெண்டாவின் நிரந்தர வாதம். அக்கா யூனிஸ் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதை ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

குடிப்பதிலும் அந்த வீட்டுக்கென்று ஒரு முறை உண்டு. ஒடுக்கமான நெட்டை கிளாஸ் கிடையாது. "ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்கிற மாதிரி. மூக்கு எங்க போறது அதுல?" என்பார் ப்ரெண்டா. சாதாரண ஒயின் கிளாஸ், வாய் அகலமானது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றுவதும் இல்லை. கொஞ்ச நேரம் மேசையில் நிற்க வேண்டும். பல் கூசுகிற குளிர்ச்சியில் எதைக் குடித்தாலும் ஐஸ் தண்ணீர்தான் என்பது ப்ரெண்டாவின் கட்சி. தொட்டுக்கொள்ள, வெண்ணெய் தடவிய உலர்திராட்சை ரொட்டியும் ஒரு துண்டு சீஸும். நார்மனுக்கு ஒரே ஒரு கிளாஸ். இரண்டாவது கிளாஸை அவர் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. வண்டியை எடுக்கப் போகிறாரோ இல்லையோ, அது அவருடைய சட்டம். மீதியை ப்ரெண்டா மூடி போட்டுத் திங்கட்கிழமைக்கு வைப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலக் காய்ச்சல். ஊரில் எல்லோருக்கும் வந்தது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ப்ரெண்டாவும் எழுந்தார். ஆனால் எழுந்த மூன்றாம் நாள் ரொட்டி கருகிப் புகைந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே நின்று ஜன்னல் வழியாக என்னோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு மூக்கு எரிகிறது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூக்கு போய்விட்டிருந்தது. வாசனையோடு ருசியும். திரும்ப வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். வரவில்லை.

"சீஸ்னா மெழுகு. கோழின்னா கயிறு. மத்ததெல்லாம் அட்டை," என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் நாளுக்கு நாள் சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டே வந்தது. சமைத்ததை உப்பு பார்க்க என்னைக் கூப்பிடுவார். நானூறு பேருக்குச் சமைத்தவர், என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அது பொறுக்காது.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டிலை நார்மன் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியாது என்பதுதான் நிஜம். முதல் ஞாயிறு வழக்கம்போல் இரண்டு கிளாஸ் வைத்தார். ஒன்றை ப்ரெண்டா தள்ளிவிட்டார்.

"எனக்கு வேணாம். ஊசி ஊசியா குத்துது, அவ்ளோதான். நான் டீ குடிச்சுக்கிறேன். நீ குடிச்சிட்டு எப்படியிருக்குன்னு சொல்லு."

நார்மன் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு."

"நல்லான்னா?"

"குறை ஒண்ணும் தெரியல."

ப்ரெண்டா எதையும் வீசி எறிகிற ஆள் இல்லை. அன்று மடித்து வைத்திருந்த அந்தத் துண்டை எடுத்து அவர் முகத்தில் வீசினார். "வாழ்நாள் பூரா இதையே கேட்டுட்டேன்யா! இப்ப எனக்கு மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல, உன் வாய் ஒண்ணுதான் மிச்சம். அதுவும் இப்படித்தானா?" வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் அங்கே இருந்தேன். தள்ளிவைத்த இரண்டாவது கிளாஸ் வீணாகப் போகக் கூடாது என்று ப்ரெண்டா என்னைக் கூப்பிட்டிருந்தார். அன்று தொடங்கிய வழக்கம்தான், இன்றுவரை அந்தக் கிளாஸ் என்னுடையது. நார்மன் ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என்னை மூன்று தடவை ஃபெயில் செய்த அதே உட்காரும் விதம். பிறகு அந்த அச்சடித்த குரல் வந்தது.

"டெஸ்ட் ஆபீஸிலிருந்து புறப்படவும். மரக்கடை தாண்டி இடது பக்கம் திரும்பவும்."

ப்ரெண்டா டீயை வைத்துவிட்டார். "என்னய்யா இது?"

"மழை விட்டு ஒரு அரைமணி நேரம் ஆயிருக்கு," நார்மனின் குரல் சாதாரணப் பேச்சுக்கு இறங்கியது. "கண்ணாடிய இறக்கியிருக்கோம். உள்ள புதுப் பலகைய அறுக்கறாங்க. அந்த வாசனை. ரொம்ப இல்ல, ரோட்டுலேர்ந்து வர்ற அளவுக்கு."

"அறுக்கற பலகையா, அடுக்கி வச்ச பலகையா?"

நார்மன் இன்னொரு வாய் குடித்துச் சரிபார்த்தார். "அடுக்கி வச்சது."

"ம். மேல போ."

"நேராகச் செல்லவும். பேக்கரி பின்வாசல். பன்னு தட்ட வெளிய எடுத்து வச்சிருக்காங்க. பன்னோட மேல்பக்கம் இல்ல, அடிப்பக்கம், லேசா சிவந்திருக்குமே, அது. அப்புறம் சந்துக்குள்ள நுழையறோம், பழத்தோட்டம். சமைக்கிற ஆப்பிள், நல்லா புளிக்கிறது, ஈரப் புல்லுல விழுந்து கெடக்கு. மேட்டுல ஏறினா சுண்ணாம்புப் பள்ளம். வாய் காய்ஞ்சு போற மாதிரி இருக்கு. அங்க காத்து கடல்பக்கமிருந்து வருது. கொஞ்சம் உப்பு." ஒரு கணம் யோசித்தார். "வண்டியை ஓரமாக நிறுத்தவும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ப்ரெண்டா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், டெஸ்ட் போகும் பாதையின் ஒவ்வொரு திருப்பமும் அவருக்குத் தெரியும். முகத்தில் ரத்தம் ஓடியதை நான் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே கை நீட்டி ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். காய்ச்சலுக்குப் பிறகு அதுவரை அவராக எடுத்துச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சவாரி. ப்ரெண்டா பக்கத்திலிருந்து வழி மறிப்பார். "பேக்கரிய வேகமா தாண்டிட்ட, திருப்பு வண்டிய" என்பார். "வசு, நீ சொல்லு கண்ணு, தோட்டத்துல பேரிக்காயும் கெடக்குதா?" என்று என்னிடம் சாட்சி கேட்பார். நார்மனுக்கு அது பிடிக்காது. "ஓட்டறது நான். பின்சீட்டுல இருந்து பேசக்கூடாது."

ஆனால் ஒன்று. சும்மா சொல்லக்கூடாது, மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டுமே என்று அந்த மனிதர் ஒரு சொல் கூட்டிச் சொன்னதில்லை. சில தடவை கடையில் வேறு சரக்கு வந்திருக்கும், அவ்வளவு சுகமாக இருக்காது. அன்றைக்கு முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு மரக்கடை பூட்டியிருக்கு" என்று சொல்லிவிடுவார். "பன்னு நேத்தோடது." ப்ரெண்டாவுக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருநாள் பாத்திரம் துடைக்கும்போது சொன்னார்: "பூட்டியிருந்தா பூட்டியிருக்குன்னு சொல்றாரு பாரு, அதனாலதான் தொறந்திருக்குன்னா நான் நம்பறேன். எல்லாரும் எங்கிட்ட, நல்லா வந்திருக்கு ப்ரெண்டா, ருசியா இருக்கு ப்ரெண்டான்னு சொல்றாங்க. எனக்கென்ன தெரியும்? இவரு ஒருத்தர் வாய்தான் எனக்கு மூக்கு."

போன மே மாதம் அவர்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள். ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்தது. அதற்கு முந்தின நாள் நானும் ப்ரெண்டாவும் வெள்ளை மேசைவிரிப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். இங்கே பழைய வீடுகளில் வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி ஓர் அலமாரி இருக்கும். துவைத்த துண்டு, போர்வையெல்லாம் அதில்தான், எப்போதும் கதகதவென்று இருக்கும். அடித்தட்டில், தொட்டியை ஒட்டினாற்போல், குளியல் துண்டு சுற்றி ஏதோ தடித்து இருந்தது. ப்ரெண்டா பிரித்தார். அந்தப் பாட்டில்.

அப்படியே போர்வைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஐயையோ, இத நான் மறந்தே போயிட்டேனே!"

காய்ச்சலுக்கு முந்தின ஞாயிறு ஒரு பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, இதுவரை வந்ததிலேயே இதுதான் என்று தோன்றியதாம். மறுநாளே போய் அதே சரக்கில் இன்னொன்று வாங்கி, நார்மன் பிறந்தநாளுக்கென்று ஒளித்துவைத்திருக்கிறார். நல்லதாக ஒன்று கிடைத்தால் அன்றைக்கே அனுபவிக்காமல் இன்னும் நல்ல நாளுக்கு எடுத்துவைப்பது இந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் இருக்கிறது. சாப்பிடாத பீங்கான் தட்டு, உட்காராத முன்னறை, விரிக்காத மேசைத்துணி. ஒளித்துவைக்க அந்த அலமாரியை விட்டால் வேறு இடம் தோன்றவில்லை, அதைத்தான் நார்மன் திறக்கவே மாட்டார். பிறகு காய்ச்சல் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"என் மூக்கு கடைசியா குடிச்சது இதோட ஜோடிய," என்றார் ப்ரெண்டா. பாட்டிலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "வசு, எனக்கு அந்த ருசி ஞாபகமே இல்ல. எவ்ளோ முட்டிப் பாத்தும் வரல. நாளைக்கு நார்மன் சொன்னா வந்துரும்."

நார்மன் வந்து பார்த்தார். பாட்டிலைத் தொட்டார். நானும் தொட்டிருந்தேன், பால்புட்டி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று வருஷம் அந்தச் சூட்டில்.

"சுடுதண்ணி பக்கத்துலயே கெடந்திருக்கு. கெட்டுப் போயிருக்குமா?" ப்ரெண்டாவின் குரல் சின்னப் பெண் குரலாகிவிட்டது.

"தொறந்தாத்தான் தெரியும்."

"கெட்டிருந்தா கெட்டிருக்குன்னே சொல்லிடு, நார்மன். மரக்கடை பூட்டியிருந்தா பூட்டியிருக்கு. எனக்காக எதுவும் சொல்லாத."

"நான் என்னிக்கு சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு நார்மன் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தார்.

மறுநாள் பின்தோட்டத்தில் மேசை போட்டிருந்தோம். விருந்தாளி என்று யூனிஸும் நானும்தான். யூனிஸ் தங்கப் பெட்டியோடு பெயர்போன ஷாம்பெய்ன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை அவரே திறந்தார், டமால் என்றது. நார்மன் கண்ணை மூடித் திறந்தார்.

"நாப்பதாவது கல்யாண நாளுக்குமா ப்ரெண்டா அந்தக் கடைச் சரக்கு?" யூனிஸ் தன் கிளாஸை நிரப்பிக்கொண்டார். "சோப்பு பவுடர் வாங்கற எடத்துல ஷாம்பெய்னு! எனக்கு வேண்டாம்ப்பா, நான் என்னோடதையே குடிச்சுக்கிறேன்."

"ஒன்ன யாருக்கா கேட்டா?" ப்ரெண்டா டீக்கோப்பையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, காதில் முத்து. பார்வை முழுக்க நார்மனின் கையில்.

நார்மன் துண்டைப் போர்த்தினார். கம்பியைத் தளர்த்தினார். பாட்டிலைத் திருப்பினார். நான் பக்கத்திலேயே நின்றேன். தக்கை வெளியே வந்தது. மூச்சு வரவில்லை. வினிகர் பாட்டில் தக்கை மாதிரி சும்மா வந்தது. எப்போதும் சத்தமில்லாமல் திறப்பவர் என்பதால் அது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரிந்தது.

ஊற்றினார். பால் விடாத டீயின் நிறம். குமிழி என்று நான்கைந்து மேலே வந்து செத்துப் போயின.

"நெறம் கூடியிருக்கே," என்றார் ப்ரெண்டா.

"மரப் பீப்பாய்ல பொறந்தது. வயசானா இப்படித்தான்."

என் கிளாஸை நான் வாயில் வைத்தேன். விழுங்கியது எப்படி என்று எனக்கே தெரியாது. வேகவைத்து மறந்துபோன ஆப்பிள், தீய்ந்த சர்க்கரை, ஈரம் காயாத துணி. மரமும் இல்லை, பன்னும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ப்ரெண்டா என் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று ரோஜாச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நார்மன் குடித்தார். முகத்தைப் பார்த்தேன். நடைபாதையில் நான் ஏறி இறங்கிய அன்று பார்த்த அதே முகம். ஒரு தசை அசையவில்லை. கிளாஸை வைத்தார், இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார், நேராக முன்னால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வேலியில் ஒரு புறா வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று.

"நார்மன்," என்றார் ப்ரெண்டா. "மரக்கடை?"

இந்த ஊரில் தகுதியில்லாத ஒருவருக்கும் அவர் பாஸ் போட்டதில்லை. பாதிரியாருக்குக்கூட இல்லை.

"தொறந்திருக்கு," என்றார்.

ப்ரெண்டாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ரெண்டு கதவும் தொறந்திருக்கு. உள்ள லாரி நிக்குது, புதுப் பலகை இறங்குது. மரக்கடை தாண்டி இடது பக்கம் திரும்பவும். பேக்கரில பன்னு இப்பத்தான் வெளிய வந்திருக்கு, தட்டு சுடுது, கை வைக்க முடியல. வண்டிய மெதுவாத்தான் ஓட்டறேன். நேராகச் செல்லவும். அடுத்து..." நார்மன் நிறுத்தினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வலது பக்கம் திரும்பவும். பள்ளிக்கூடம்."

"அந்தப் பக்கம் டெஸ்ட்டு போகாதேய்யா!"

"இன்னிக்குப் போகுது. சமையக்கட்டு பின்கதவு. வெள்ளிக்கெழமை. ஜாம் போட்ட கேக்கு வேகுது, ஓரம் கொஞ்சம் ஜாஸ்தியா சிவந்துருச்சு, நீ அத வெட்டித் தனியா ஒரு தட்டுல வச்சிருக்க. எனக்குன்னு. டெஸ்ட்டுக்கு டெஸ்ட்டு நடுவுல நான் வந்து தின்னுட்டுப் போவேன்ல, அது. அந்த ஓரம்."

ப்ரெண்டாவின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "அதேதான்," என்றார். "ஐயோ அதேதான் நார்மன், வந்துருச்சு. அதேதான் அது." கை தானாகப் போய் ரொட்டியை எடுத்தது, சீஸை எடுத்தது.

தோட்டம், சுண்ணாம்புப் பள்ளம், கடல் காற்று. ஓர் இடத்தையும் விடவில்லை. "வண்டியை ஓரமாக நிறுத்தவும்" என்று முடித்தபோது அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

யூனிஸ் தன் பங்கைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா," என்றார் மெதுவாக, "அவ்ளோ நல்லாவா இருக்கு? எனக்கும் ஒரு வாய் ஊத்தேன், என்னதான்னு பாத்துடறேன்." தங்கப் பெட்டிக்காரியின் கிளாஸ் காலியாகி மேசைக்கு மேலே நீண்டது.

"குடு நார்மன், குடு!" ப்ரெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்தார். இத்தனை வருஷ வாதம் ஜெயிக்கப் போகிற முகம். "குடிச்சுப் பாக்கட்டும் அவ!"

நார்மன் பாட்டிலைத் தூக்கினார். யூனிஸின் கிளாஸ்வரை போன பாட்டில் அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பி வந்து, ஒரு கிளாஸுக்கு மேல் தொடாத அந்த மனிதரின் சொந்தக் கிளாஸில் கவிழ்ந்தது. பொங்கவில்லை, நுரைக்கவில்லை, விளிம்புவரை நிரம்பி விரலில் வழிந்தது.

"கடைச் சரக்கு வேணாம்னீங்களே யூனிஸ்," என்றார். எழுந்து நின்று ஒரே மூச்சில் குடித்தார். மிச்சத்தையும் ஊற்றிக் குடித்தார். குடித்துவிட்டுக் காலிக் கிளாஸை ப்ரெண்டாவுக்கு நேராகத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.